முள்ளிப்பட்டுக்குக் கொண்டுபோன வேலை ஆணை

காலை 6.10. கோயம்பேட்டில் ஆரணி பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்று முப்பத்தைந்து ரூபாய். பையில் முக்கியமாக இருந்தது ஒரு காகிதம்: சேசுராஜ் என்பவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் மறுபடி வேலை கொடுக்கும் ஆணை.

தபாலில் அனுப்பியிருக்கலாம், மனம் கேட்கவில்லை. போன வருடம் அந்தச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அரசு சார்பில் சமரசம் பேசப் போன அதிகாரி நான். எட்டாம் சுற்றுப் பேச்சில் உடன்பாடு கையெழுத்தானது. மறியலில் கைதான சேசுராஜ் உட்பட மூன்று பேரைத் தவிர எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். 'இவர்கள் குறித்துப் பின்னர் பரிசீலிக்கப்படும்' என்ற வரியை எழுதியவன் நான்தான். எழுதிவிட்டு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

9.50. ஆரணி. முள்ளிப்பட்டுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"புடவை எடுக்கவா சார்?" என்றார் ஓட்டுநர்.

"இல்லீங்க, ஒருத்தருக்கு நல்ல சேதி சொல்லணும்."

"அப்ப ஜல்தியா போலாம்!" என்று முறுக்கினார். குடல் வாய்க்கு வந்தது.

10.15. சேசுராஜ் இப்போது இருப்பது மனைவி விமலாவின் தாய்வீட்டில். தறியின் முன் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, தீர்ந்துபோன பாவின் நெடுக்கு இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைத் திரித்து இணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார்! எழுந்துக்க முடியல, தப்பா நெனைக்காதீங்க. கைய வுட்டா சிக்கிக்கும்," என்றார் சேசுராஜ். கரி வெட்டிய அந்தப் பெரிய விரல்கள் பட்டுநூலிடம் அவ்வளவு பணிவாக நடந்துகொள்ளும் என்று நான் நினைத்ததில்லை.

அரைமணி கழித்துக் கை ஓய்ந்ததும் ஆணையைக் கொடுத்தேன். விமலா உரக்கப் படித்தார். முடித்ததும் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

"மாதா கண்ணத் தொறந்துட்டா. பழைய ஸ்கூலுக்கே போவணும்னு பசங்க டெய்லி அழுதுகினு கீதுங்க சார்."

சேசுராஜ் சிரித்தார். பிறகு கேட்டார்: "மத்த ரெண்டு பேருக்கும் வந்துச்சுங்களா?"

இல்லை என்றேன். அவர்கள் கோப்பு மூன்று மாதமாக என் மேஜையிலேயே கிடந்தது. அதையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அவர் மனைவியைப் பார்த்தார். விமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் வைத்தார்.

"மூணு பேரும் ஒண்ணாத்தான் போலீஸ் வேன்ல ஏறுனாங்க. மூணு பேருக்கும் ஒண்ணா எடுத்துகினு வாங்க சார். அன்னிக்கி நானே பெட்டி கட்றேன். இப்ப சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். அந்தக் கையில் என்மேல் துளிக் கோபமும் இல்லை. தலை குனிந்து சாப்பிட்டேன்.

12.30. ஆரணியில் பஸ் ஏறினேன். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் என்னைத் திட்டியவர்களும் உண்டு, கும்பிட்டவர்களும் உண்டு. நம்பி ஒரு வேலையை ஒப்படைத்தவர்கள் இவர்கள்தான்.

கோயம்பேட்டில் இறங்கும்போது மணி நாலேகால். வீட்டுக்குப் போகவில்லை. அலுவலகம் பூட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று ஆட்டோ பிடித்தேன்.