மாசானம் பார்த்த பெருநாள் படம்

மாசானம் மாமாவை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்தை நிறுத்திய மனிதரைப் பற்றி நான் நடுநிலையோடு எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அவரைக் கெட்டவர் என்று சொல்லவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாமாவுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். தினமும் காலையில் பஸ் பிடித்துத் தூத்துக்குடி வந்து, துறைமுகம் போகிற ரோட்டில் உள்ள ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க்காக உட்காருவார். இருபத்தாறு வருஷமாக இதுதான். என் வாப்பா முஹ்யித்தீனுக்கும் அதே ஆபீஸ், அடுத்த நாற்காலி. கப்பலில் வருகிற சரக்குக்குச் சுங்கத்தில் காட்ட வேண்டிய காகிதங்களைத் தயார் செய்வது இரண்டு பேருக்கும் வேலை. உலகத்துத் துறைமுகங்கள் அத்தனையும் மாமாவுக்கு மனப்பாடம். ஆனால் அவர் போன அதிகபட்ச தூரம் திருப்பதி. ஆசைப்பட்டு ஒரு பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். ஒரு முத்திரைகூட விழாமல் அது காலாவதியாகிப் போனது.

போக முடியாத மனிதர், போனவர்கள் எடுத்துவரும் படங்களைப் பார்க்க ஆரம்பித்தார். எந்த ஊர் என்று சொல்லாமல் படத்தை மட்டும் நீட்ட வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செல்போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகத் துழாவுவார். அப்புறம் "இது ஹாம்பர்க்", "இது கொழும்பு, கோட்டைப் பக்கம்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். முதலாளியின் மருமகன் சுவிட்சர்லாந்து என்று சொல்லி ஒரு பனிமலைப் படத்தைக் காட்டியபோது, மாமா அமைதியாக "மணாலி" என்றார். மருமகனுக்கு முகம் செத்துவிட்டது. அன்றிலிருந்து ஆபீஸில் மாமாவுக்குப் 'போட்டோ சோசியர்' என்று பெயர். லாரி டிரைவர்கள்கூட டீ வாங்கிக் கொடுத்து, படம் காட்டிவிட்டுப் போவார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று மட்டும் சொல்ல மாட்டார். யார் கேட்டாலும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்தில் பதவி உயர்வு இல்லை, சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் நாலு பேர் அவரை வாய் பிளந்து பார்த்தார்கள். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. அது எனக்கு இப்போது புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

நான் ஸாலிஹா. காயல்பட்டினம். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு உஸாமாவோடு நிச்சயம் ஆகியிருந்தது. அவருக்கு ஜித்தாவில் ஒரு கம்பெனியில் வேலை. எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா மாடியில் எங்களுக்காக ஓர் அறை கட்டி, வெளிர் பச்சை அடித்து, ஏசிகூட மாட்டிவிட்டார். அந்தச் சமயத்தில் எங்கிருந்தோ ஒரு பேச்சு வந்தது. உஸாமாவுக்கு வேலை போய்விட்டதாம், ஜித்தாவிலேயே இல்லையாம், பம்பாயில் ஒளிந்து திரிகிறாராம். வாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் அந்த வாரம் முடிந்த நோன்புப் பெருநாளுக்கு உஸாமா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். திறந்த மைதானத்தில் வரிசை வரிசையாக ஆட்கள் தொழுகையில் நிற்கிறார்கள், இரண்டாவது வரிசையில் இவர். 'இன்று காலை பெருநாள் தொழுகையில்' என்று கீழே எழுதியிருந்தார். நான்தான் அந்தப் படத்தை வாப்பாவுக்கு அனுப்பினேன். என் கையாலேயே அனுப்பினேன்.

வாப்பா அதை நேரே மாசானம் மாமாவிடம் கொண்டுபோனார். மாமா வழக்கம்போல மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இது பெருநாளன்னைக்கு எடுத்த படமே இல்ல பாய். என்னைக்கோ எடுத்தத இப்ப அனுப்பியிருக்கான். பையன் எதையோ மறைக்கான்."

வாப்பா வீட்டுக்கு வந்து, "நல்லா விசாரிச்சாச்சு. படம் பெருநாளன்னைக்கு எடுத்ததே இல்லைன்னு மாசானம் சொல்லிட்டாரு. இந்தச் சம்மந்தம் நமக்கு வேணாம்" என்றார். உஸாமா போன் செய்தார். அந்தப் படம் எப்போது எடுத்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பெருநாள் காலையிலதான். ஏன் கேக்கிறீங்க?" என்றார். பொய்யை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

வேலை போனது அதே பெயருள்ள வேறொரு பையனுக்கு என்று இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது. அப்போதும் வாப்பா அசையவில்லை. "வேல இருக்கட்டும். படம் பொய்தானே? ஒரு படத்துல பொய் சொல்லுதவன் நாளைக்கு எதுலதான் சொல்ல மாட்டான்?" மறு வருஷம் உஸாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு. லீவில் வரும்போது எங்கள் வாசல் வழியாகத்தான் பள்ளிக்குத் தொழப் போவார். இப்போது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார். எனக்கு அதற்குப் பிறகு வந்த இடங்கள் எல்லாம், முதல் நிச்சயம் ஏன் முறிந்தது என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. மாடி அறையில் உம்மா அரிசி மூட்டை போட்டு வைத்திருக்கிறாள்.

போன மாசம் வாப்பாவும் உம்மாவும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய் வந்தார்கள். வாப்பா பேரீச்சம்பழத்தோடு ஆபீஸுக்குப் போய், மாமாவிடம் ஒரு படத்தையும் காட்டியிருக்கிறார். ஜித்தா கடற்கரையில் சூரியன் ஏறிய பிறகு வாப்பா தொழுதபோது உம்மா பக்கவாட்டில் நின்று எடுத்தது.

மாமா பார்த்துவிட்டு, "சாயங்காலம் எடுத்ததா பாய்?" என்றாராம்.

"காலையிலவே. ஏழு மணிகூட இருக்காது."

"எப்படி? மேக்க பாத்துதானே தொழுவீங்க?"

"இங்கனதான் மேக்க. ஜித்தாவுக்கு மக்கா கெழக்கயில்லா இருக்கு? அங்கன கெழக்க பாத்துத்தான் தொழணும். இதுகூடத் தெரியாதாக்கும் சோசியருக்கு?" என்று வாப்பா சிரித்திருக்கிறார். மாமா சிரிக்கவில்லை. பேரீச்சம்பழத்தைத் தொடாமல் எழுந்து வெளியே போய்விட்டாராம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வாப்பா உள்ளறையில் இருந்தார். "கூப்பிடாத தாயி. உங்கிட்டதான் சொல்லணும்" என்று முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். உம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றாள்.

முதல் தடவையாக மாமா துப்பைச் சொன்னார்.

"அந்தப் பெருநாள் படத்துல எல்லாருக்கும் நெழல் முதுகுக்குப் பின்னால கெடந்துச்சு. அப்ப சூரியன் அவங்க முகத்துக்கு நேர இருக்கு. உங்க ஆளுக மேக்க பாத்துத் தொழுறதத்தான் நான் சின்னப் புள்ளையிலேர்ந்து பாத்திருக்கேன். மேக்க பாத்து நிக்கவன் முகத்துல வெயில் அடிச்சா அது சாயங்காலம். பெருநாள் தொழுக காலையில. அதனாலதான் பொய்யின்னேன். அங்கன திசை மாறும்னு எனக்குத் தெரியல தாயி."

எங்கள் ஊரில் ஓதப்போகிற சின்னப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். வாப்பாவின் பாட்டனார் காலத்திலிருந்தே கடல் வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது. எந்தத் துறையில் கிப்லா என்கிற தொழுகைத் திசை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டுதான் கப்பல் ஏறுவார்கள். மாமா அன்றைக்கு 'நிழல்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாப்பா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார். இன்றைக்கு என் பிள்ளை மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

"அன்னைக்கே ஏன் சொல்லல மாமா?"

"சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு? நெழலப் பாத்தேன், கேஸ் சிலிண்டரப் பாத்தேன்னு சொன்னா, பூ இவ்வளவுதானான்னு போயிருவாங்க. அந்த மணாலி படத்துல ஓரத்துல நம்ம ஊரு செவப்பு சிலிண்டர் நின்னுச்சு. வேற ஒண்ணுமில்ல. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான் தாயி."

நல்லவேளை, பூசி மெழுகவில்லை. என்னுடைய நாலு வருஷம் போனது இந்த மனிதரின் ஆபீஸ் மரியாதைக்காக. மன்னித்துவிடு என்று கைகூப்பினார். நான் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று சும்மா சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"வாப்பா எத்தனை தடவை கேட்டாங்க, ஏன் எப்படின்னு?"

மாமா புரியாமல் என்னைப் பார்த்தார்.

"பாயா? ஒரு தடவகூடக் கேக்கல தாயி. நான் சொன்ன உடனே, சரி மாசானம்னு போனைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

நல்லா விசாரிச்சாச்சு என்று வாப்பா சொன்னது இதைத்தான். சந்தைக்குப் போனால் வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவார் என் வாப்பா.

நாலு வருஷமாக மாசானம் மாமா ஒருவரையே வெறுத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு வசதியாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மாமா டீயைக் குடிக்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளறைத் திரைக்குக் கீழே வாப்பாவின் பாதங்கள் தெரிந்தன. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"வாப்பா, உங்க கூட்டாளி கெளம்புறாங்க. பஸ் ஏத்தி விட்டுட்டு வாங்க" என்றேன்.

பாதங்கள் நகரவில்லை.