வடிவாக் கழுவச் சொன்னவள்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். என் பக்கத்துப் பாயில் படுத்தவள் அவள். றொசல்லப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்துக்காரி. ஒடிசலான உடம்பு, தூக்கம் தீராத கண்கள். யாழ்ப்பாணத்து டாக்டர் வகுப்பெடுக்கும்போது அவர் வாயையே பார்த்துக்கொண்டு, அவர் பேசப் பேசத் தன் உதட்டையும் அசைப்பாள். நாங்கள் வார்டு வேலை செய்த களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவோம். பிறகு தோட்டத்து லயங்களில் நாங்கள் பேசும் பேச்சில் எங்களுக்குப் பாடம் சொல்வது அவள்தான்.

ஒருநாள் டாக்டர், "பிரசவம் பார்க்க முந்திக் கையை வடிவாக் கழுவ வேணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

"கைய எதுக்குடி அழகா கழுவணும்?" என்று அவளைக் கேட்டேன்.

"அழகு இல்லடி, வடியிறது. சவுக்காரம் போட்டுத் தேச்சு, முழங்கையில தண்ணி வடியிற வரைக்கும் ஊத்தணும்."

"நெசமாவா?"

"யாருக்குத் தெரியும்? அவருகிட்ட போய்க் கேக்கவா முடியும்? கழுவுடி, எனக்குத் தூக்கம் வருது."

அப்படியே கழுவினோம். யாழ்ப்பாணத்தில் வடிவா என்றால் நன்றாக என்று அர்த்தமாம். வெகுகாலம் கழித்து ஒரு நர்ஸ் சொன்னார். அன்றும் ராத்திரி வேலை பார்த்த களைப்பு, சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. நன்றாக என்று மட்டும் விளங்கியிருந்தால், பயிற்சிக் காலத்து அலுப்பில் விரலை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடியிருப்பேன்.

பயிற்சியோடு பிரிந்தவளை மறுபடி பார்க்கவில்லை. அவள் சொன்ன அர்த்தம் தப்புத்தான். ஆனால் முழங்கையில் தண்ணீர் வடியாமல் இன்றுவரை ஒரு தாயையும் நான் தொட்டதில்லை.