இல்லாத ஆறு வட்டங்கள்

எங்க ஆபீஸ்ல அவளுக்குப் பேரு பூதக்கண்ணாடி. திரையில மூக்கு ஒட்டுற அளவுக்குக் குனிஞ்சுதான் எதையும் பார்ப்பா. பத்து வயசுல அப்பா அம்மா ரெண்டு பேரையும் பறிகொடுத்தவ. அக்கா வீட்டுலதான் வளர்ந்தா. படிக்க வெச்சது, எங்க இரும்புக் குழாய்க் கிடங்குல வேலை வாங்கிக் கொடுத்தது எல்லாம் அக்கா புருஷன். கிடங்கு மேற்பார்வையே அவர்தான். "அத்தான் சொன்னாரு"ன்னா அவளுக்கு அதுக்கு மேல பேச்சு கிடையாது. எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது, அதையும் இப்பவே சொல்லிடறேன்.

அடுக்கி வெச்ச குழாய்களை முன்னால நின்னு போட்டோ எடுத்தா, ஒவ்வொரு குழாயோட வாயும் ஒரு வட்டமாத் தெரியும். அந்த வட்டங்களை எண்ணுற புரோகிராம் எழுதறதுதான் அவ வேலை. விளிம்புல இருக்கற ஒவ்வொரு புள்ளியும் 'மையம் இங்க இருக்கு'ன்னு ஓட்டுப் போடும். நிறைய ஓட்டு விழுந்த இடம் வட்டம். எத்தனை ஓட்டு போதும்ங்கறதை மட்டும் நாம சொல்லணும்.

முதல் அடுக்குக்குப் புரோகிராம் சொன்னது இருநூத்தி ஆறு. அத்தான் கையால எண்ணிச் சொன்னது இருநூத்திப் பன்னெண்டு. மூணு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டா. வெளிச்சத்தைக் கூட்டினா, படத்தை மங்கலாக்கினா, வட்டத்தோட அளவை மாத்தினா. நம்பர் அசையல. கண்டுபிடிச்ச குழாய் மேலெல்லாம் பச்சை வட்டம் போட்டுக் காட்டினா. ஒண்ணுகூட விட்டுப்போன மாதிரி எனக்குத் தெரியல.

"உங்க அத்தான் தப்பா எண்ணியிருக்கக் கூடாதா?"ன்னேன்.

"இருபது வருஷமா எண்ணுறவருடி. நான் எழுதினதுதான் தப்பு."

மறுநாள் அவரே எங்க மேசைக்கு வந்தார். திரையில, அடிவரிசை ஓரத்து இருட்டுல விரலை வெச்சு, "இங்க ஆறு இருக்கும்மா. நிழல்ல தெரியல. நான் தொட்டு எண்ணியிருக்கேன்"ன்னார்.

எழுந்து போய் ஒரு தடவை நேர்ல பார்த்தாளா? அதான் அத்தான் சொல்லியாச்சே. இத்தனை ஓட்டு போதும்ங்கற அளவைக் குறைச்சுக்கிட்டே போனா. கொஞ்சம் கெஞ்சினா எதையும் வட்டம்னு ஒத்துக்கற நிலைமைக்கு அதைக் கொண்டு வந்தப்ப, அந்த இருட்டுல சரியா ஆறு பச்சை வட்டம் முளைச்சுது. அன்னிக்கு அவ சிரிச்ச சிரிப்பு இன்னும் எனக்கு வயித்தெரிச்சல்.

ரெண்டு மாசம் கழிச்சு லாரியில ஏத்தறப்ப அந்த அடுக்குல இருந்தது இருநூத்தி ஆறுதான். மத்த அடுக்கையும் இறக்கி எண்ணினாங்க. எல்லாத்துலயும் குறைச்சல். திருடி வித்திருக்காங்க. மேனேஜர் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். அத்தான் கண்ணுகூடச் சிமிட்டல.

"புரோகிராம் சொன்னதைத்தான் சார் எழுதினேன். கையால எண்ணுறதை விட்டு ரொம்ப நாளாச்சு."

பாவி. நாளைக்குள்ள விளக்கம் எழுதிக் கொடு, இல்லன்னா வேலைக்கு வராதேன்னு அனுப்பிட்டாங்க. என் பக்கத்துல வந்து உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டா. ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வெச்சா.

"உனக்கு வேற வேலை கிடைக்கும்டி"ன்னா அக்கா. "இந்த வயசுல அவருக்கு யாரு கொடுப்பா?"

"உனக்குத் தெரியுமாக்கா?"

"நீ இருநூத்தி ஆறுன்னு சொன்ன அன்னிக்கே அவரு நடுங்கிட்டாரு. நேர்ல போய்ச் சொல்லுங்க, நீங்க சொன்னா அவ கேட்பான்னு நான்தான் அனுப்பினேன்."

போனை அணைச்சுட்டு என்னைப் பார்த்தா. "தப்பு என்னோடதுன்னே எழுதிக் கொடுத்துடறேன். அக்காவுக்கு ரெண்டு பிள்ளைங்க. நீ வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவ முகம் கழுவப் போன நேரத்துல நேரா மேனேஜர் ரூமுக்குப் போய், அந்த ஆளு எங்க விரல் வெச்சான்ங்கற வரைக்கும் புட்டுப் புட்டு வெச்சேன்.

அத்தானுக்கு வேலை போச்சு. இவளுக்கு நிலைச்சுது. அக்கா இவளை வாசல்லயே நிறுத்திக் கதவைச் சாத்திட்டா. மறுநாள் இவ தன் நாற்காலியை எடுத்துக்கிட்டு ஜன்னலோர மேசைக்குப் போயிட்டா. போறதுக்கு முன்னால என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா.

"உன்னையாவது நம்பலாம்னு இருந்தேன்."

நான் செஞ்சதுதான் சரின்னு யார்கிட்ட வேணாலும் அடிச்சுப் பேசுவேன். அவகிட்ட மட்டும் முடியல.