சௌம்யாவுக்கு ஐந்து படங்கள்

பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்துக் கூலிக்குப் போகும் சுகன்யாவுக்கு முப்பத்தோரு வயது. கணவன் பழனிக்குமார் தாண்டிக்குடிப் பக்கம் ஜீப் ஓட்டுகிறான். ஒரே மகள் சௌம்யாவுக்கு ஏழு வயது. மூன்று வயதிலேயே அவளுக்கு ஆட்டிசம் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். சௌம்யா பேச மாட்டாள். எங்கே வலிக்கிறது என்று காட்டவும் தெரியாது.

அதனால்தான் போன ஆவணியில் அவள் தன் வலது கன்னத்தைத் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தபோது, வீட்டில் அதைப் பிடிவாதம் என்று நினைத்தார்கள். சோற்றுத் தட்டைத் தள்ளினாள். அதையும் அப்படியே நினைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கன்னம் வீங்கிக் கண்ணுக்குக் கீழ்வரை பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. தலையணையில் சீழும் ரத்தமும். உடம்பு அனலாகக் கொதித்தது.

பழனிக்குமார் ஏறியிருந்த ஆட்களை இறக்கிவிட்டு ஜீப்பை வீட்டுக்குத் திருப்பினான். வத்தலக்குண்டில் பார்த்த டாக்டர், பல்லில் பிடித்த சீழ் கண்ணை நெருங்கிவிட்டது, இதற்கு மேல் ஏறவிட்டால் உயிருக்கே ஆபத்து, நேராகத் திண்டுக்கல் போங்கள் என்றார். திண்டுக்கல் போய்ச் சேரும்வரை சுகன்யா மகளின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள்.

மூன்று நாள் குளுக்கோஸ் பாட்டிலோடு மருந்து ஏறியது. நான்காம் நாள் மயக்கம் கொடுத்துப் பல்லை எடுப்பதாகச் சொன்னார்கள். அதற்கு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். மயக்கத்தில் என்னென்ன நடக்கலாம் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. பழனிக்குமார் படித்துப் பார்க்காமலேயே போட்டான். சுகன்யா படித்தாள். கடைசி வரி, உயிரே போகலாம் என்றது. ஆபரேஷன் அறைக் கதவு மூடியிருந்த ஒன்றேகால் மணி நேரமும் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சௌம்யா கண் விழித்தாள். இரண்டு கடைவாய்ப் பற்கள் போயிருந்தன. பல் டாக்டரம்மா சுகன்யாவைத் தனியே கூப்பிட்டு, எடுத்தது பால் பல்தான், ஆனால் அதற்குப் பின்னால் இப்போதுதான் முளைத்திருக்கும் நிரந்தரப் பற்களிலும் சொத்தையின் கோடு தெரிகிறது என்றார்.

"அது போனா வேற முளைக்காதும்மா. தெனமும் தேய்க்கலைன்னா ஒரு வருஷத்துக்குள்ள மறுபடியும் இதே மாதிரி மயக்கம் குடுக்க வேண்டி வரும். வீட்ல பல்லு தேய்ச்சு விடுறீங்கள்ல?"



சுகன்யா வெளியே யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. சௌம்யாவுக்கு ஐந்து வயதில், எப்படியும் பல் தேய்த்தே ஆக வேண்டும் என்று ஒருநாள் கணவனைக் கைகளைப் பிடிக்கச் சொல்லி, தான் கால்களின் மேல் உட்கார்ந்து, வாய்க்குள் பிரஷ்ஷை விட்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அழுகை பாதியில் நின்றது. உதடு நீலம் பாரித்தது. கண் மேலே சொருகியது. தண்ணீரை முகத்தில் அடித்து, முதுகைத் தட்டி, மூச்சு திரும்புவதற்குள் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அன்றோடு அந்த வீட்டில் சௌம்யாவின் வாய்க்குள் பிரஷ் போகவில்லை. தூங்கும்போது ஈரத்துணியால் மேலாகத் துடைத்துவிடுவாள். 

இப்போது இரண்டு பக்கமும் பயம். தேய்த்தால் பிள்ளையின் மூச்சு நின்றுவிடுமோ என்று. தேய்க்காவிட்டால் திரும்பவும் அந்தத் தாள், அந்தக் கதவு.

பள்ளிக்கூடத்துக்குப் புதன்கிழமைதோறும் முருகேஸ்வரி என்ற சிறப்பாசிரியை வருவார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம் அவர் வீட்டுக்கே வந்தார். கையில் ஆறு பட அட்டைகள். ஒரு பையன் பிரஷ்ஷை எடுக்கிறான், பேஸ்ட் வைக்கிறான், தேய்க்கிறான், கொப்பளிக்கிறான் என்று வரிசையாக வரைந்திருந்தது.

"நாம வாயால சொல்றது அவளுக்குப் போய்ச் சேர மாட்டேங்குது சுகன்யா. கண்ணால பாக்கறது சேரும். மொதல்ல ரெண்டு வாரம் படத்த மட்டும் காட்டுங்க. பிரஷ்ஷே வேண்டாம்."

வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சுவரில் அட்டைகளை ஒட்டிவிட்டுப் போனார். சுகன்யா தினமும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். சௌம்யா அந்தப் பையனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அட்டையின் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். எட்டு நாள் போயிற்று. டாக்டரம்மா சொன்ன ஒரு வருஷத்தில் எட்டு நாள். ஒன்பதாம் நாள் சுகன்யாவுக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்ததும், நாலு மணி இருக்கும், பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து, படத்தைக் காட்டி, அப்படியே மகளின் உதட்டருகே கொண்டுபோனாள்.

சௌம்யா அவள் விரலைக் கடித்தாள். பிரஷ்ஷைத் தட்டிவிட்டாள். பின்கதவு வழியாக ஓடினாள்.

பின்னால் காப்பிச் சரிவு. மஞ்சு இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் செடி தெரியவில்லை. சுகன்யா ரத்தம் வழியும் விரலோடு ஓடினாள். கூப்பிட்டுப் பலனில்லை; சௌம்யா பேருக்குத் திரும்புகிறவள் இல்லை. கீழே ஓடைப் பள்ளம் இருக்கிறது. அந்த வாரம் முழுக்கக் காட்டுமாடு தோட்டத்துக்குள் இறங்குகிறது என்று மேஸ்திரி காலையில்தான் எச்சரித்திருந்தார். பக்கத்து வீட்டுக் காளியாயி மேட்டிலிருந்து குரல் கொடுத்தபடியே வேறு பக்கம் தேடிப் போனாள்.

ஊற்றுத் தண்ணீரைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் கறுப்பு ஓஸ் குழாய் ஓரிடத்தில் விண்டு தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள் சௌம்யா. அவளுக்கு மேலே, ஜீப் நீளத் தூரம்கூட இருக்காது, செடிகளுக்கு நடுவே ஒரு காட்டுமாடு நின்றது. தலை தாழ்ந்திருந்தது. மூச்சு விடும் சத்தம் கேட்டது.

சுகன்யா நின்றுவிட்டாள். கத்தினால் மாடு மிரளும். ஓடிப்போய்த் தூக்கினால் சௌம்யா வீறிடுவாள், அப்போதும் மிரளும்.  கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்ந்து மகளுக்கும் மாட்டுக்கும் நடுவே போய்ச் சேர்ந்தாள். தொடவில்லை. முதுகுக்குப் பின்னால் மாடு காலை மாற்றி வைப்பது மண்ணில் கேட்டது. பார்க்கத் தைரியம் இல்லாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சௌம்யா விரலைத் தண்ணீரில் நனைத்தாள். வாய்க்குள் விட்டாள். பல் எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் ஈறை மெதுவாகத் தேய்த்தாள். துப்பினாள். திரும்பவும் நனைத்தாள். முகத்தில் அழுகை இல்லை. பேஸ்ட் பட்ட கீழுதட்டை மட்டும் புறங்கையால் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்திருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று சுகன்யாவுக்குத் தெரியாது. செடிகள் முறியும் சத்தம் மேலே ஏறி, தூரமாகி, நின்றது. அதற்குப் பிறகும் அவள் அசையவில்லை. காளியாயி வந்து தோளைத் தொட்டபோதுதான் திரும்பிப் பார்த்தாள்.

"ஏத்தா, எந்திரி. அது போயிருச்சு. வெரசா புள்ளையத் தூக்கு."

அன்று சாயங்காலம் முருகேஸ்வரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பதாம் நாள் அவசரப்பட்டதை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிள்ளையைப் பிடித்து அமுக்கியதை, நீலம் பாரித்த உதட்டை. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.  அவர், தண்ணீரில் விரலை நனைத்துத் தேய்த்தாள் என்று சொன்னதை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார்.

"அப்ப வாயத் தொடுறது பயமில்ல. பேஸ்ட் எரிச்சல்தான் பயம், நாம பிடிப்பமோங்கறது பயம். நான் கொண்டாந்த படமும் தப்பு. அந்தப் பையன் யாருன்னு அவளுக்கு என்ன தெரியும்? அவளையே படம் எடுங்க."

பழனிக்குமாரின் போனில் எடுத்தார்கள். வீட்டுத் தொட்டியில் கொட்டும் குழாய். சௌம்யாவின் நனைந்த விரல், அவள் வாயில். அவளுடைய பச்சை பிரஷ், தண்ணீரில் மட்டும் நனைந்தது. பிரஷ் முன்பல்லில், கடைவாயில் என்று அடுத்து வர வேண்டியதை எடுக்க வழியில்லை என்பதால் சுகன்யா நான்காவதாகத் தன் வாயையே எடுத்துவைத்தாள். ஐந்தாவது, ஜீப்பின் ஸ்டியரிங். வேலை முடிந்தால் சௌம்யா அப்பா மடியில் உட்கார்ந்து ஒரு ஹார்ன் அடிக்கலாம். வத்தலக்குண்டில் பிரிண்ட் போட்டு, மஞ்சில் நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டார்கள்.

இந்தத் தடவை சௌம்யா பார்த்தாள். குழாய்ப் படத்தில் விரல் வைத்தாள். பிறகு குழாயில் வைத்தாள். ஒரு மாதம் இரண்டு படத்தோடு நின்றது. ஐப்பசியில் ஒரு காலை, பச்சை பிரஷ்ஷை அவளே எடுத்துத் தண்ணீரில் காட்டி முன்பல்லில் வைத்தாள். வைத்தாள், எடுத்தாள், அவ்வளவுதான். சுகன்யா சந்தோஷப்படவில்லை, மகளின் உதட்டு நிறத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பழனிக்குமார் வெள்ளனே சவாரிக்குப் போய்விட்டான். படத்தில் ஸ்டியரிங் இருக்கிறது, வாசலில் ஜீப் இல்லை. சௌம்யா தலையைச் சுவரில் மோதினாள். அதற்கப்புறம் பதினைந்து நாள் குழாய்ப் பக்கமே வரவில்லை. அதிலிருந்து அவன் எந்தச் சோலி இருந்தாலும் ஹார்ன் அடித்த பிறகுதான் கிளம்புகிறான்.

கடைவாய்க்கு அம்மாதான் தேய்த்துவிட வேண்டியிருந்தது.  சுகன்யா பிள்ளையைப் பிடிக்கவில்லை, அமுக்கவில்லை. படத்தைக் காட்டிவிட்டு வாயைத் திறப்பாளா என்று காத்திருந்தாள். நான்கு நாள் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தாள். மூன்று எண்ணுவதற்குள் மூடிக்கொண்டாள். தையில் பத்து எண்ணும்வரை திறந்தாள்.

மாசியில் திண்டுக்கல்லுக்குப் பரிசோதனைக்குப் போனார்கள். முருகேஸ்வரி கேட்டுக்கொண்டபடி டாக்டரம்மா தன் நாற்காலியையும் விளக்கையும் முன்கூட்டியே படம் எடுத்து அனுப்பியிருந்தார். வழி முழுக்கச் சுகன்யா சாப்பிடவில்லை. சௌம்யா நாற்காலியில் ஏற மறுத்தாள், தரையில் உட்கார்ந்தாள். டாக்டரம்மாவும் தரையில் உட்கார்ந்தார். வாய் திறந்தது. சின்ன டார்ச் வெளிச்சத்தில் அவர் பார்த்தார். சுகன்யா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புதுப் பல்லு நாலும் நல்லாருக்கு. கோடு ஆழமாகல. ஒரு பால் பல்லு மட்டும் கொஞ்சம் சந்தேகம், அத அப்பறம் பாப்போம். மயக்கமெல்லாம் இப்ப தேவையில்ல."

சுகன்யா வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். பழனிக்குமார் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தான்.

இன்றும் சௌம்யா கன்னத்தில் கை வைத்தால் சுகன்யா வேலையைப் போட்டது போட்டபடி பக்கத்தில் வருகிறாள். தினமும் அவள் வாய்க்குள் பார்த்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போகிறாள். பேஸ்ட் இன்னும் உள்ளே போகவில்லை. வாசனை இல்லாத பேஸ்ட் ஒன்றை மிளகளவு பிரஷ்ஷில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அதை எப்போது வரிசையில் சேர்ப்பது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.