முன்னால் போனவரின் காலடி

இலங்கையில் சண்டை இன்னும் முடியாத காலம். கனடாவின் மொன்றியல் தமிழர்கள் சிலர் சேர்ந்து அமெரிக்கப் பாலைவனம் ஒன்றுக்குச் சுற்றுலா போனோம். பழங்காலப் பாறை ஓவியங்களைப் பார்க்கக் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளும் நடக்கக்கூடிய சமதரைதான்.

எங்களோடு வந்தவர்களில் அவரை மட்டும் எனக்குப் பழக்கமில்லை. மன்னார்க்காரர், ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட். முன்னால் போகிறவரின் காலடித் தடத்திலேயே தன் காலையும் வைத்து நடந்தார். வயதுதான் காரணம் என்று நினைத்தேன்.

பாறையில் மனித உருவங்கள் கைகளை உயர்த்தியபடி நின்றன. படம் எடுக்க நான் பாதையை விட்டு மணலில் இறங்கினேன்.

"தம்பி, அசையாதேங்கோ," என்றார் பின்னாலிருந்து, மெதுவாக. "வந்த அடியிலேயே காலை வைச்சுத் திரும்பி வாங்கோ."

மிதிவெடி என்று அவர் சொல்லவில்லை. வடக்கில் வளர்ந்த எனக்குச் சொல்லத் தேவையும் இல்லை. முதுகு வியர்க்க, என் தடங்களை ஒவ்வொன்றாகத் தேடி மிதித்துத் திரும்பினேன். அவர் கைபிடித்து என்னைப் பாதையில் ஏற்றினார்.

"அண்ணை, இஞ்சை ஒண்டும் இராது."

"ஓம், எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை."

அந்தக் குளிர்காலம் மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் வெளிவாசலில் அவரைத் திரும்பவும் கண்டேன். முற்றம் முழுக்க யாரும் மிதிக்காத பனி. பூசைக்கு வந்தவர் உள்ளே போகாமல், யாராவது முன்னால் போகட்டும் என்று நின்றார்.

நான் முன்னால் போனேன். முதல் அடியை வைக்க என் காலும் தயங்கியது.