முதல் பாலாடை என் மகளுக்கு

இயேசுவுக்குள் பிரியமானவர்களே, என் மகளின் உயிரை ஆண்டவர் காப்பாற்றின விதத்தைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன். அதைச் சொன்னால் என் கஞ்சத்தனமும் கூடவே வெளியே வரும். வரட்டும்.

2008, அக்டோபர் மாதம். நாங்கள் கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறோம். கலியாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. எட்டாம் மாதத்திலேயே எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட, சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே ஆபரேஷன். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. தொடக்கூடப் பயமாக இருந்தது.

எனக்குப் பால் சுரக்கவில்லை. காய்ச்சல் வேறு. மாவுப்பால் கொடுத்தால் வாந்தி எடுத்தாள், வயிறு உப்பியது. எடை நாளுக்கு நாள் குறைந்தது. "தாய்ப்பாலு குடுத்தாத்தாம்மா தேறும்" என்றார் டாக்டரம்மா. பண்ருட்டி முந்திரி மண்டியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், வார்டு வாசலை விட்டு நகரவில்லை. நான் என் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க ஒரு சொட்டு இல்லையே!

நான்காம் நாள், வராந்தா மூலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, நீர் கொடுத்த பிள்ளை. பாலுக்கு ஒரு வழி காட்டும்." அப்போது என் நினைவுக்கு வந்தது ஒரு பொய்.

பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை என்றொரு பெண் இருந்தாள். பிச்சாவரம் பக்கத்து மீனவக் குப்பம். அவளுக்கும் ஆபரேஷன்தான், பையன், கொழுகொழுவென்று. வந்த அன்றே கேட்டாள். "அக்கா, ஃப்ளாஸ்க்குல சுடுதண்ணி இருந்தா கொஞ்சம் குடுக்கா, மாத்திர போட்டுக்கணும்." ஃப்ளாஸ்க் நிறைய இருந்தது. "தீந்துபோச்சும்மா" என்றேன். நான் யார் தெரியுமா? ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு, மனமுவந்து கொடுக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறவள்! ஏழைகளுக்கென்று சபையில் துணி கேட்டால், வீட்டில் யாரும் கட்டாத புடவையாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பேன். அதையும் முனகிக்கொண்டே கொடுப்பேன்.

"கர்த்தாவே, மன்னியும்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்து அஞ்சலை விசாரித்தாள். சொன்னேன்.

"அட, இதுக்கா இப்படி அழுவுற? எனக்குப் பாலு கட்டிக்கினு கல்லாட்டம் வலிக்குது. ஜாஸ்தியாத்தான் கீது. ஒரு டம்ளரு கொண்டாக்கா."

அவளுடைய மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "ஒம்புள்ளைக்கு இருக்குதான்னு மொதல்ல பாருடி" என்றார். அஞ்சலை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மா அவளுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, சரி என்றார். நர்ஸம்மா பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். என் மகள் விழுங்கினாள். வாந்தி எடுக்கவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர என் வாயில் வேறொன்றும் வரவில்லை.

மறுநாள் காலை நான் கண்டதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அஞ்சலையின் பையன் பசியில் வீறிட்டுக் கத்துகிறான். அவளோ டம்ளரில் பால் பீய்ச்சிக்கொண்டிருக்கிறாள். பதறிப்போனேன். "மொதல்ல அவனுக்குக் குடும்மா. மிச்சம் இருந்தாப் போதும் எங்களுக்கு."

"போக்கா! மொதப் பாலு அவளுக்குத்தான். இவன் குண்டன், கத்தட்டும். கத்துனா நெஞ்சு பலம் வரும்." கடகடவென்று சிரித்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குச் சுடுதண்ணீர் இல்லையென்று சொன்னது பொய் என்றேன்.

"தெரியும்க்கா. கொஞ்ச நேரங்கழிச்சி நீ தொறந்து ஊத்துனப்ப ஆவி பறந்துச்சே, நான் பாக்கலியா?"

தெரிந்திருக்கிறது! முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் டம்ளர் கேட்டிருக்கிறாள். என்ன மனசு பாருங்கள்! ஆண்டவர் என் பிள்ளையைப் பிழைக்க வைத்ததோடு விடவில்லை, என்னையும் ஒரு பிடி பிடித்தார்.

ஒன்பது நாள் கொடுத்தாள். மகளின் எடை ஏறியது. பிறகு எனக்கும் பால் ஊறத் தொடங்கியது.

பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் குப்பத்துக்குத் தேடிப் போனோம். புதுப் புடவை கொடுத்தேன். வேண்டாம் என்று பிகு பண்ணவில்லை. "நல்லா கீதுக்கா" என்று அப்போதே உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். நான் பட்ட கடனை எப்படித் தீர்ப்பேன் என்று கேட்டு அழுதேன்.

"சுனாமியப்ப யார் யாரோ வந்து எங்களுக்குச் சோறு போட்டாங்க. நாங்க பேரு கேட்டமா, ஊரு கேட்டமா? அடுத்தாளுக்குச் செய்யிக்கா. ஆனா சிரிச்சிக்கினு செய்யி. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு குடுத்தா, வாங்குறவளுக்குத் தொண்டையில எறங்குமா?"

பத்து வருஷம் நான் நடத்திய பாடத்தை, சபை வாசற்படியே மிதிக்காத அஞ்சலை வாழ்ந்து காட்டிவிட்டாள். இப்போது 2012. வாரம் ஒருநாள் பிரசவ வார்டுக்குக் கஞ்சி கொண்டுபோகிறேன். எங்கள் வீட்டுக்கு எடுத்து வைப்பதற்கு முன்னால் அவர்களுக்கு ஊற்றிவிடுகிறேன். முனகல் இன்னும் சில நாள் வரத்தான் செய்கிறது. அன்றைக்கு வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டு உள்ளே போகிறேன்.

அன்பானவர்களே, இன்று உங்கள் கை காலியாக இருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் ஆள் அனுப்புவார். கை நிறைந்திருக்கிறதா? பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள். அவள் செய்யும் ஜெபத்துக்கு ஆண்டவர் அனுப்பும் ஆள் நீங்களாகக்கூட இருக்கலாம். சிரித்த முகமாகப் போங்கள்.