காலி மாமா அழித்த கடைக் கணக்கு

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மனிதரைத் தெருவே காலி மாமா என்றுதான் கூப்பிடும். அவருடைய அப்பா உடைந்த குடைக்கம்பியைக்கூடத் தூக்கிப் போட மாட்டார். சித்தப்பாக்கள் இருவரும் அதே ரத்தம். கால் வைக்க இடமில்லாத வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, இவருக்கு எதையாவது காலி செய்தால்தான் சோறு இறங்கும்.

மனைவி தையல்காரி. முழங்கால் வலியால் மூடிய கடையை எட்டு வருடம் கழித்து மறுபடி திறக்க ஆசைப்பட்டாள். பழைய கடையின் வரவு செலவைப் பார்த்துவிட்டுத்தான் கடன் என்று சொல்லியிருந்தார் வங்கி அதிகாரி. அவள் எல்லாவற்றையும் கணினியில், ஒரு கணக்கு மென்பொருளில் வைத்திருந்தாள்.

அதிகாரி வரும் நாள் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். மாமா திரையைப் பார்த்தார். ஓரத்தில் பழைய கணக்குகள் வரிசையாக நின்றன: விற்றுவிட்ட ஸ்கூட்டரின் கடன், மாற்றிவிட்ட வங்கி, மூடிய கடை. எல்லாவற்றுக்கும் எதிரே பூஜ்யம். வருகிறவர் என்ன நினைப்பார்? ஒவ்வொன்றாக அழித்தார். ‘நிச்சயமாகவா?’ என்று அது கேட்கக் கேட்க, “ஆமாண்டா” என்று தட்டினார்.

கடைசித் தட்டல் முடிந்ததும் திரையை உற்றுப் பார்த்தார். அவர் தொடவே தொடாத சேமிப்புக் கணக்கு, கழித்தல் குறியோடு சிவப்பாகிக் கிடந்தது.

“ஐயையோ, பணமெல்லாம் போச்சே!”

ஈரத்தலையோடு ஓடி வந்தாள் மனைவி. திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

“பணம் வங்கியில பத்திரமா இருக்குங்க. போனது என் கடை.”

கடையிலிருந்து சேமிப்புக்கு மாற்றிய தொகைகளின் பதிவுகளெல்லாம் கடைக் கணக்கோடு சேர்ந்து அழிந்திருந்தன. சேமிப்பில் செலவு மட்டும் மிஞ்சியதால்தான் அந்தச் சிவப்பு.

“பூஜ்யந்தானே இருந்துச்சு?”

“மூடின கடையில வேற என்ன மிஞ்சும்? உள்ள என் உழைப்பு மொத்தமும் இருந்துச்சே!”

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன அன்றுகூடப் பதறாத மாமா, கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார்.

“அந்த ஆளு வர்ற நேரமாச்சே! இப்ப என்னம்மா பண்றது?”

அவள் தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, போன வாரம் கணக்கோட நகல் அனுப்பினேனே, இருக்கா? ஆமா, அவரேதான். சிரிக்காத, உடனே அனுப்பு.”

மாமாவுக்கு இது அடுத்த இடி. “அவங்க வீட்டுக்கு எதுக்கு அனுப்புற? என்னை நம்பலையா?”

“உங்கள நம்புறேங்க. உங்க கைய நம்பல.”

நகல் வந்தது. திறந்ததும் கடை திரும்பி வந்தது. சேமிப்பும் பழையபடி நிமிர்ந்தது. அவள் ஸ்கூட்டர் கடனுக்கும் பழைய வங்கிக்கும் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று ஒரு டிக் போட்டாள். இரண்டும் ஓரத்திலிருந்து மறைந்தன. சேமிப்பு அசையவில்லை.

“மறைக்கணுங்க. அழிக்கக் கூடாது.”

“இம்புட்டுத்தானா!” மாமா வாயைப் பிளந்தார்.

வாசல் மணி அடித்தது. “போய்க் கதவத் திறங்க. அப்படியே அங்கயே உக்காருங்க.”

அதிகாரி போகும்வரை மாமா அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. கடன் கிடைத்துவிடும் என்று மனைவி சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். அவர் முகம் தெளியவில்லை.

“அது இருக்கட்டும். இன்னிக்கு நகல உங்க அக்காவுக்கு அனுப்பிட்டியா?”